வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

தோற்றுவாய்

பிணிகள் பலவற்றுள்ளும் கொடியது பசிப்பிணி. அது முதியோரை வருத்தும். இளஞ்சிறாரையோ வளரவே விடாது. அறிவு அரும்பும் பருவத்தில் வயிறு காய்ந்து கிடக்கும் குழந்தைக்கு எழுத்தும் ஏறாது, எண்ணும் ஏறாது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைக் கண் பார்க்கும். கருத்தோ அடுப்படியை நாடும். இவ்வுண்மையைத் தாய்மார் அனைவரும் என்றும் அறிவர். ஆனால், நகரை ஆள்வோரும் பள்ளியை நடத்துவோரும் இதனை உணர்ந்து, மக்கள் செலுத்தும் வரிப்பணத்திலிருந்து பள்ளிக் குழந்தையின் பசிக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் தம் கடமை எனத் துணிந்தது மிகப் பழங்காலத்துச் செய்தி அன்று. தமிழகத்தில் அத்துணிவைச் செயலாக்கி வழிகாட்டியது சென்னை மாநகராட்சி. அப்போது அம்மன்றத்தின் தலைவராய் வீற்றிருந்தவர் சர். பிட்டி. தியாகராயர். அவர்தம் வாழ்வையும், அவர் தொடங்கிய ஓரணா உணவுத் திட்டத்தின் வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். நெசவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடி அவர் குடி. அக்குடும்பத்தார் நெசவோடு வேறு பல வாணிகங்களும் நடத்திப் பெருஞ்செல்வராய் விளங்கினர். தியாகராயர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்றோர் அரசாங்க அலுவலை நாடிச் சென்ற காலம் அது. அவரோ அலுவல் தேடி அலையவில்லை. தம் முன்னோர் தொழிலையே கைக்கொண்டு, தறிகள் பல நிறுத்தி, நெசவுச்சாலை ஒன்றை நடத்தினார். தென்னிந்திய வணிகர்க்கென 1909-ஆம் ஆண்டு வணிகக் கழகம் ஒன்று தோன்றியபோது, அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராய் நின்றார். பின்னர்ப் பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் இருந்தார்.

செல்வத்தில் பிறந்தவராயினும் நெசவாளர் வாழ்வை அவர் அருகிருந்து அறிந்தவர். அவ்வாழ்வின் இயல்பைக் கடையநல்லூர்ப் பகுதி மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்காசியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் அமைந்த கடையநல்லூர், நெசவினால் பெயர் பெற்ற ஊர். தறிக்குழியில் அமர்ந்து நாடாவை எறிபவர் ஒருவரே எனினும், அவர் நெய்வதற்கு வீடு முழுவதும் உழைக்க வேண்டும். நூலை நனைப்பவர் ஒருவர். பாவு ஓட்டுபவர் ஒருவர். இராட்டையில் தார் சுற்றுபவர் ஒருவர். பழங்காலத்தில் தார் சுற்றும் வேலை பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் கைக்கே வந்து சேரும். ஐந்தாறு வயதுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால், வீட்டிற்கு உதவும் இரண்டு கைகளை இழப்பது என்பது பொருள். கூலி குறைந்த நாளில் அக்குழந்தைக்கு நண்பகலில் கொடுத்தனுப்பக் கூழும் இராது. கடையநல்லூரில் மட்டுமன்று, தறியொலி கேட்கும் ஊர் எல்லாவற்றிலும் இருந்த நிலை இதுவே. நாள்தோறும் கூலி பெற்று வாழும் ஏழை மக்கள் வேறு எத்தொழில் செய்யினும், அவர்தம் குழந்தைகளின் நிலையும் இதனின் வேறுபட்டதன்று.

நகராண்மைத் தொண்டு

தியாகராயர் 1882-ஆம் ஆண்டில் சென்னை நகர மன்றத்தின் உறுப்பினர் ஆனார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அம்மன்றத்தில் தொடர்ந்து பணியாற்றினார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, துப்புரவு, நோய்த்தடுப்பு ஆகியவை நகர மன்றம் நாள்தோறும் எண்ண வேண்டிய பொருள்கள். இவை புகழ் தரும் பணிகள் அல்ல. குழாயில் நீர் வந்தால் எவரும் வாழ்த்துவதில்லை; வாராது ஒழிந்தால் எல்லாரும் வைவர். அத்தகைய பணியில் ஒருவர் நாற்பதாண்டு நிலைத்து நின்றார் என்றால், அவருடைய பொறுமையும் ஊர்ப்பற்றும் எத்தகையன என்பது கூறாமலே விளங்கும்.

நகர மன்றத்தில் அவருடன் உறுப்பினராய் இருந்த டாக்டர் டி. எம். நாயரோடு அவருக்குக் கருத்து வேற்றுமை தோன்றியது. இருவரும் ஒருவரையொருவர் வன்மையாக எதிர்த்தனர். டாக்டர் சி. நடேசனார் இருவரையும் ஒன்றுபடுத்தினார். அம்மூவரும் முன்னின்று 1916-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அச்சங்கமே, அது நடத்திய நாளிதழின் பெயரால், நீதிக்கட்சி என மக்களால் வழங்கப்பட்டது. பகைத்தவரோடு பொதுநலங்கருதி ஒன்றுபட்டமை தியாகராயர் உள்ளத்தின் விரிவைக் காட்டும்.

1919-ஆம் ஆண்டின் சென்னை நகராட்சிச் சட்டம் நகர மன்றத்தின் அமைப்பை மாற்றியது. அதுவரையில் அரசாங்க அலுவலரே வகித்து வந்த தலைமை, மன்றத்தாரால் தேர்ந்தெடுக்கப்படுபவர்க்கு உரியதாயிற்று. அவ்வாறு வந்த முதல் தலைவர் தியாகராயரே. மேயர் என்னும் பெயர் அக்காலத்தில் வழங்கவில்லை. அது 1933-ஆம் ஆண்டில்தான் வந்தது.

ஓரணாத் திட்டம்

மாநகராட்சி நடத்திய தொடக்கப்பள்ளிகளுள் ஒன்று ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்தது. அதில் பயின்ற பிள்ளைகள் பெரும்பாலும் வறிய வீட்டுப் பிள்ளைகள். பள்ளியில் கட்டணம் இல்லை எனினும், மாணவர் தொகை பெருகவில்லை. கதவு திறந்திருந்தும் குழந்தைகள் வாராமைக்குக் காரணம் யாது என ஆராய்ந்த தியாகராயர், வறுமையே காரணம் என உணர்ந்தார். பிள்ளைகளின் ஏழ்மை பள்ளியின் வளர்ச்சியையே தாக்குகிறது என்பதனை அவர் மன்றத்தார்க்கு எடுத்துரைத்தார்.

1920-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்க்கு நண்பகல் உணவு அளிக்கும் திட்டத்திற்கு நகர மன்றம் ஒப்புதல் வழங்கியது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு ஓரணாவிற்கு மேற்படலாகாது என்பது அத்தீர்மானத்தின் வரம்பு. பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய். எனவே, நூறு குழந்தைகளுக்கு ஒருவேளை உணவளிக்க மன்றம் இசைந்த தொகை, மிகுதியாய்க் கணக்கிட்டாலும், ஆறு ரூபாய் நான்கு அணாவே ஆகும். தொகை சிறிது, அதன் உட்பொருள் பெரிது.

அதன் உட்பொருள் யாது? பசித்தவர்க்கு உணவளித்தல் தமிழ் மக்கள் அறியாத அறம் அன்று. மணிமேகலை அமுதசுரபி ஏந்திய கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். வழிச்செல்வோர்க்குச் சத்திரங்கள் கட்டியும், திருவிழாக்களில் சோறு வழங்கியும் வந்தவர் நம் முன்னோர். தியாகராயரும் கொடையில் குறைந்தவர் அல்லர். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் திருப்பணிக்குப் பதினாயிரம் ரூபாய் வழங்கிய வள்ளல் அவர். அவர் விரும்பியிருந்தால் ஆயிரம் விளக்குப் பிள்ளைகளுக்குத் தம் கைப்பொருளைக் கொண்டே சோறிட்டிருக்கலாம். ஊரார் அவரைப் புகழ்ந்திருப்பர். அவ்வழியை அவர் மேற்கொள்ளவில்லை. மன்றத்தில் தீர்மானமாகக் கொணர்ந்து, வாதிட்டு, பொதுப்பணத்தில் இடம் பெறச் செய்தார். தனிமனிதர் ஈகை அவர் உள்ளம் நெகிழ்ந்திருக்கும் வரையில் நடக்கும்; அவர் மறைந்தால் நின்று போகவும் கூடும். மன்றத்தின் தீர்மானமோ ஏட்டில் நிற்கும், கணக்கில் ஏறும், தவறினால் கேள்வி கேட்க இடம் தரும். ஈகையாய் வரும் சோற்றைக் குழந்தை தலை தாழ்த்தி வாங்கும்; நகரத்தார் அனைவரும் செலுத்திய வரியால் வரும் சோற்றை உரிமையோடு உண்ணும். இவ்வேற்றுமையே ஓரணாத் திட்டத்தின் உயிர்.

இத்தகைய எண்ணம் அக்காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் முளைவிட்டிருந்தது. இங்கிலாந்தில் பிராட்போர்டு என்பது கம்பளி நெசவினால் வளர்ந்த நகரம். அங்குக் குழந்தைகள் ஒருபொழுது ஆலையிலும் ஒருபொழுது பள்ளியிலும் காலம் கழித்தனர். அந்நகரப் பள்ளிக் குழுவில் 1894-ஆம் ஆண்டு இடம்பெற்ற மார்கரெட் மக்மில்லன் அம்மையார், பசித்த குழந்தைக்குப் பாடம் புகட்டுதல் பயனற்றது என இடைவிடாது எடுத்துரைத்தார். பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க ஊராட்சி அமைப்புகள் வரிப்பணத்தைச் செலவிடலாம் என 1906-ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அவ்வம்மையார் இலண்டன் மாநகரின் ஏழைப் பகுதியில் இளங்குழந்தைகளுக்கெனத் திறந்தவெளிப் பள்ளியும் நடத்தினார். கம்பளி நெய்த நகரிலும் பருத்தி நெய்த குடியிலும் ஒரே எண்ணம் தோன்றியது வியப்பன்று. பசி என்பது மொழியும் நாடும் பார்ப்பதில்லை.

வளர்ச்சி

ஆயிரம் விளக்கில் தொடங்கிய திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அதன் பயனைக் கணக்கே காட்டிற்று. 1922-23-ஆம் ஆண்டில் அப்பள்ளிகளில் பயின்றோர் 811 பேர். 1924-25-ஆம் ஆண்டில் அத்தொகை 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் மாணவர் தொகை இருமடங்கிற்கு மேல் பெருகியது. புதிதாய் வந்த எண்ணூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அதற்கு முன் எங்கிருந்தனர்? வீட்டு வேலையிலும் கூலி வேலையிலும் தெருப் புழுதியிலும் இருந்திருப்பர் என உய்த்துணரலாம். ஒருவேளை உணவு கிடைக்கும் என்ற நம்பிக்கை, அவர்தம் பெற்றோரின் தயக்கத்தைப் போக்கியது. பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுச் சுமை ஒரு கவளமேனும் குறையும் என்று ஏழைத்தாய் எண்ணினாள். அக்கவளம் குழந்தையைப் பள்ளிக்கு இழுத்தது. பள்ளி அதனை எழுத்திற்கு இழுத்தது.

இத்தகைய திட்டத்தை மேற்பார்வையிடுதல் எளிய செயல் அன்று. தீர்மானம் எழுதுவது ஒருநாள் வேலை; அடுப்பு எரிவதோ நாள்தோறும் நடக்க வேண்டிய வேலை. உரிய நேரத்தில் உணவு வரவேண்டும். அது தூயதாய் இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் வருகைக் கணக்கும் உணவுக் கணக்கும் ஒத்திருத்தல் வேண்டும். ஓரணா என்ற வரம்பும் மீறப்படலாகாது. நாற்பதாண்டு நகர மன்றத்தில் குழாயையும் சாக்கடையையும் எண்ணிப் பழகிய அறிவே ஓரணாவையும் எண்ணிச் செலவிடத் துணை செய்தது எனலாம். பெருங்கனவு காண்போர் பலர். அதனைக் கணக்கேட்டில் பொருந்தச் செய்வோர் சிலரே.

தடையும் தளர்ச்சியும்

நல்ல செயலுக்கும் தடை வருவது உலகியல்பு. தொடக்கக்கல்வி நிதி எனத் தனியே ஒரு நிதி இருந்தது. அதிலிருந்தே உணவுக்குச் செலவு செய்யப்பட்டது. கல்விக்கென உள்ள பணத்தை உணவிற்குச் செலவிடல் ஆகாது என ஆங்கில அரசாங்கம் மறுத்துரைத்தது. அதனால் 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நண்பகல் உணவு நின்றது.

விதியை நோக்கின், அரசாங்கத்தின் கூற்றில் ஒரு நெறி இருப்பதுபோல் தோன்றும். புத்தகம் கல்விச்செலவு, நாற்காலி கல்விச்செலவு, ஆசிரியர் சம்பளம் கல்விச்செலவு, சோறு மட்டும் எங்ஙனம் கல்விச்செலவாகும் என்று அலுவலர் வினவினர் போலும். விடையைப் பிள்ளைகளே தந்தனர். அவர்கள் சொல்லால் தரவில்லை, வாராமையால் தந்தனர். 1925 மார்ச்சு இறுதியில் 1,671 ஆக இருந்த மாணவர் தொகை, 1926 மார்ச்சு இறுதியில் 1,436 ஆகக் குறைந்தது. இருநூற்று முப்பத்தைந்து இடங்கள் வெறுமையாயின. ஆசிரியர் அவரே, கட்டடம் அதுவே, பாடமும் அதுவே. நின்றது நண்பகல் உணவு ஒன்றே. சோறும் கல்விச்செலவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திட்டம் நின்ற அதே 1925-ஆம் ஆண்டிலேயே தியாகராயரும் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாம் நட்ட கன்று வாடுவதைக் கண்டவாறே அவர் மறைந்தார். ஆயினும் வேர் பட்டுப்போகவில்லை. பிற்காலத்தில் நகர மன்றத்தின் வேண்டுகோளை ஏற்று, வறிய மாணவர்க்கேனும் உணவளிக்க அரசாங்கம் இசைவு அளித்தது.

பண்பு நலன்கள்

தியாகராயர் எளிமையும் பெருமிதமும் ஒருங்கே அமைந்தவர். வெண்ணிற ஆடையையே அவர் எஞ்ஞான்றும் விரும்பி உடுத்தார். 1922-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வேல்சு இளவரசர் சென்னைக்கு வந்தபோது, நகரத் தலைவர் என்ற முறையில் அவரை வரவேற்கும் கடமை தியாகராயர்க்கு உரியதாயிற்று. அரசவைக்கெனக் குறித்த ஆடையை அணியாது, தமக்கு இயல்பான வெள்ளுடையிலேயே அவர் இளவரசரை வரவேற்றார். இதனால் வெள்ளுடை வேந்தர் என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது.

பதவிப்பற்று அவரிடம் இல்லை. 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வெற்றி பெற்றபோது, சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பதவியை ஏற்குமாறு ஆளுநர் வெலிங்டன் பெருமகனார் அவரை அழைத்தார். அவர் அதனை ஏற்கவில்லை. கடலூர் அ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். மாகாணத்தை ஆளும் வாய்ப்பு வாயிலில் வந்து நிற்க, அதனை விடுத்து நகர மன்றத்துப் பணியையே பற்றி நின்ற அவ்வுள்ளம் போற்றத்தக்கது. பெரும்பதவியில் இருந்து ஒருவர் செய்யும் சிறுபணி மறக்கப்படலாம். சிறிய பதவியில் இருந்து அவர் செய்த பெரும்பணி நாடெங்கும் பரவியது.

வழிவந்த பயன்

தியாகராயர் காலத்திற்குப் பின் அவ்வெண்ணம் பல கைகள் மாறி வளர்ந்தது. 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, பள்ளி மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார். ஊர்மக்கள் தாமே அரிசியும் பருப்பும் காய்கறியும் தந்து அதற்குத் தோள் கொடுத்தனர். பள்ளி வயது எய்தாத மழலையரை எண்ணி, 1975-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியைத் தொடங்கியது. அதன்வழி அங்கன்வாடிகள் தோன்றின. 1982-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை ஊரகங்களில் தொடங்கி, இரண்டு வயதுக் குழந்தை முதலே அதன் பயனைப் பெறச் செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அது நகரங்களுக்கும் விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், அரசு தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் காலை உணவு வழங்கும் திட்டம் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் மதுரையில் தொடங்கப்பெற்றது.

இன்று கடையநல்லூர் நகராட்சித் தெரு ஒன்றில் அமைந்த அங்கன்வாடியை எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று தட்டை ஏந்தி வரிசையில் அமர்கிறது, உண்கிறது, பாட்டுப் பாடுகிறது, மணலில் விரலால் முதல் எழுத்தை எழுதுகிறது. அதன் தாய் அந்நேரம் கூலிக்குச் சென்றிருக்கலாம். குழந்தை பசியோடிராது என்ற உறுதி அவளுக்கு உண்டு. அவ்வுறுதிக்கு ஆகும் செலவில், அத்தெருவில் தீப்பெட்டி ஒன்று வாங்குபவர் செலுத்தும் வரியும் கலந்துள்ளது. நகர மன்றத்தில் தியாகராயர் நிலைநாட்டிய கருத்து இதுவேயாகும்.

முடிவுரை

சென்னையில் தியாகராயர் பெயரால் ஒரு நகர்ப்பகுதி அமைந்துள்ளது. தியாகராயநகர் என்னும் அப்பெயரை மக்கள் தி. நகர் எனச் சுருக்கி வழங்குவர். வடசென்னையில் அவர் பெயரால் ஒரு கல்லூரி உண்டு. மாநகராட்சியின் இரிப்பன் கட்டட வளாகத்தில் அவர் சிலையும் நிற்கின்றது. கடைகள் நிறைந்த தியாகராயநகர்த் தெருக்களில் நடப்போருள், அப்பெயர்க்கு உரியவர் யார் என எண்ணுவோர் சிலரே.

ஆனால், பெயரை மறந்தாலும் செயலை மறத்தல் கூடாது. பொதுப்பணத்தைக் காக்கும் பொறுப்பு நாளை உங்களுள் சிலர்க்கு வரும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ கணக்கேட்டின் முன் நீங்கள் அமரும் நாளும் வரலாம். அப்போது, இச்செலவு எந்த நிதியைச் சாரும் என்ற வினா எழும். அது எழ வேண்டிய வினாவே. அதனோடு, இச்செலவை நிறுத்தினால் எந்தக் குழந்தையின் இடம் வெறுமையாகும் என்ற வினாவையும் சேர்த்துக் கேளுங்கள். ஓரணாவைக் கணக்கிட்டுச் செலவழித்த பெரியாரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.